நாக்கு யாருக்கு வளைகிறது?



பெருங்களத்தூரில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் இந்த மாதம் வழக்கமில்லாத ஒரு பயிற்சி நடந்தது. சாதி ஒழிப்பில் அக்கறையுள்ள நெதர்லாந்துக்காரர்கள் சிலர் எங்கள் மாணவர்களோடு இணையவழியில் பேச வருகிறார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்ததும் பிள்ளைகள் திகைத்துவிட்டார்கள். எழுத்து ஆங்கில எழுத்துதான். ஆனால் ஆங்கிலம் மாதிரி வாசித்தால் அது வேறு யாரோ ஒருவரின் பெயராகிவிடுகிறது. "கூப்பிடுற முதல் வார்த்தையே தப்பா இருந்தா நல்லாவா இருக்கும்க்கா?" என்றார் வரவேற்புரை சொல்ல வேண்டிய தங்கை. நியாயமான கேள்வி. உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். கற்றதையும், அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் பாடம்.

டச்சு மொழியில் எல்லோரையும் மிரட்டுவது 'ஜி' எழுத்து. அது தொண்டையை உரசிக்கொண்டு வரும் காற்றொலி. தமிழ் நாக்குக்கு இது முற்றிலும் அந்நியமில்லை. 'கல்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'பகல்', 'மகன்' என்று சொல்லுங்கள். சொல்லின் நடுவில் வரும் க அழுத்தம் குறைந்து காற்றாகிறது அல்லவா? அந்தக் ககரத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொண்டையில் உரசினால் டச்சு 'ஜி'க்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள். 'அஃது', 'எஃகு' என்பவற்றில் வரும் ஆய்தமும் அதற்குப் பக்கத்து வீடுதான். ஓவியர் வான்கோவின் குடும்பப் பெயரில் இந்த ஒலி தொடக்கத்திலும் முடிவிலுமாக இரண்டு முறை வருகிறது. தமிழில் 'வான்கோ' என்று பழகிவிட்டது. அவருடைய ஊரில் அது ஏறக்குறைய 'ஃபன் ஹொஹ்'. இரண்டு ஹ-வையும் தொண்டையில் உரச வேண்டும்.

'வி' எழுத்து ஃப-வுக்கு நெருங்கி ஒலிக்கும். அதனால்தான் அது 'வான்' இல்லை, 'ஃபன்'. 'ஜே' எழுத்து ய-வாகும். இது நமக்குத் தெரிந்த பழக்கம்தான். தமிழ் வேதாகமத்தில் ஜான் இல்லை, யோவான்தான். ஜேக்கப் அங்கே யாக்கோபு. அதேபோல கால்பந்து மேதை க்ரௌஃபின் முதற்பெயர் ஜோஹன் இல்லை, யோஹன். ஆங்கில ஓ-வும் ஈ-யும் சேர்ந்து வந்தால் ஊ. ஐ-யும் ஜே-யும் சேர்ந்தால் எய். தாம்பரத்தில் பந்து விளையாடும் தம்பிகள் 'வான் டிஜ்க்' என்று கொண்டாடும் லிவர்பூல் வீரரின் பெயர் 'ஃபன் டெய்க்'. அவர் சட்டை முதுகில் அந்தக் குடும்பப் பெயரே இருக்காது. வெர்ஜில் என்ற முதற்பெயர் மட்டும்தான் இருக்கும். எந்தப் பெயரால் அறியப்பட வேண்டும் என்பது அவருடைய முடிவு.

கடினமானது யூ-வும் ஐ-யும் சேரும் ஒலி. அதற்குத் தமிழில் எழுத்தில்லை. 'எ' என்று தொடங்கி, வாயை அப்படியே வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் குவித்து முடிக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பத்து முறை சொன்னால் வரும். ரூட் குலிட் பெயரைச் சொல்லிப் பழகியபோது அவரைப் பற்றியும் பேசினோம். 1987-இல் ஐரோப்பாவின் தங்கப் பந்து விருது கிடைத்தபோது, அப்போது சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவுக்கு அதைக் காணிக்கையாக்கியவர் அவர். குலிட்டின் முதல் எழுத்தும் அதே தொண்டை ஒலிதான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதுமாக இருந்தன. அரசுப் பள்ளியில் படித்த, வீட்டில் யாரும் கடல் தாண்டாத பிள்ளைகள், ஒரு டச்சுக்காரர் தன் பெயரென்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொல்லக் கற்றுவிட்டார்கள். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, ஊர்ல எங்க தாத்தா பேரு முனுசாமி. அதைச் சொல்றதுக்கு என்ன கஷ்டம்? இன்னும் 'டேய் முனி'ன்னுதானே கூப்பிடுறாங்க?"

யாரும் பேசவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான்.

முனுசாமியில் தொண்டை ஒலி இல்லை. உதட்டைக் குவிக்க வேண்டியதில்லை. கோவிந்தசாமியிலும் இல்லை, காத்தாயியிலும் இல்லை. ஆனாலும் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துக் கிராமங்களில் வளர்ந்த நம்மில் பலர் எழுபது வயதுத் தாத்தாவை ஏழு வயதுப் பண்ணைவீட்டுப் பையன் பாதிப் பெயர் சொல்லி அழைத்ததைக் கேட்டிருக்கிறோம். 'சாமி' என்ற பகுதிதான் முதலில் வெட்டப்படும். நம்மவர் ஒருவரைச் 'சாமி' என்று தங்கள் வாயால் அழைக்க அவர்களுக்கு மனம் வராது. தடை மனத்தில்தான் இருந்தது, நாக்கில் இல்லை.

நகரத்துக்கு வந்தால் இது தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் நான் இரண்டு ஆண்டு வேலை பார்த்தேன். ஐரோப்பிய வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுகிற வேலை. பெயர்களைச் சரியாகச் சொல்லத் தனி வகுப்பு எடுத்தார்கள். பெயரைத் தப்பாகச் சொன்னால் மரியாதைக் குறைவு, நம்பிக்கை போய்விடும் என்றார் பயிற்சியாளர். நல்ல பாடம். அதே தளத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா கழிவறை சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவர் கழுத்திலும் அடையாள அட்டை தொங்கியது. அதிலும் பெயர் இருந்தது, அதுவும் பெரிய எழுத்தில். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரை அழைத்து நான் கேட்டதில்லை. 'ஹவுஸ்கீப்பிங்!' என்றுதான் குரல் கொடுப்பார்கள். கடல் கடந்த பெயருக்கு வகுப்பு உண்டு, கண்ணெதிரே தொங்கும் பெயருக்கு இல்லை.

இப்போது டச்சுக்குத் திரும்புவோம். ஏனென்றால் நாம் டச்சுச் சொற்களை முதன்முறையாக இந்த மாதம் உச்சரிக்கவில்லை. ஒல்லாந்தர் என்று நம் முன்னோர் அழைத்த அவர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்தக் கரையில் இருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களில் இரண்டு தினமும் நம் வாயில் இருக்கின்றன. ஒன்று துட்டு. டச்சுச் செப்புக் காசின் பெயரிலிருந்து வந்தது. இன்னொன்று கக்கூஸ். மலம் கழிக்கும் வீடு என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. மூலச் சொற்கள் இரண்டிலும் உதட்டைக் குவிக்கும் அந்தக் கடினமான ஒலி இருக்கிறது. தமிழ் நாக்கு அதைத் தன் வசதிக்கு உ, ஊ என்று மாற்றிக்கொண்டது. இதில் தவறில்லை. மொழிகள் அப்படித்தான் வாங்கிக்கொள்ளும்.

ஆனால் அந்த இரண்டு சொற்களும் நம் வரலாற்றில் எங்கே போய் விழுந்தன என்று பாருங்கள். துட்டு அவர்கள் மடியில். கக்கூஸ் நம் தலையில். 2017-இல் திவ்யபாரதி எடுத்த ஆவணப்படத்துக்குக் 'கக்கூஸ்' என்றே பெயர். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆளமர்த்துவதைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்த பிறகும் யார் இறங்குகிறார்கள், யார் சாகிறார்கள் என்பதை அந்தப் படம் பெயரோடு, முகத்தோடு காட்டியது. செய்தித்தாளிலோ அவர்கள் பெரும்பாலும் 'தொழிலாளி இருவர் பலி' என்ற ஒற்றை வரிதான்.

யாருடைய பெயர் தங்குகிறது, யாருடைய பெயர் அழிகிறது என்பதைப் பார்க்க வேண்டுமா? தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பக்கம் போங்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை நிற்கிறது. அந்த ஊர்ப் பெயரை அவர்களால் சொல்ல முடியவில்லை, 'சத்ராஸ்' ஆக்கினார்கள். கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகள். கருங்கல்லில் பூவேலைப்பாட்டோடு பெயர்கள் எழுத்தெழுத்தாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. முந்நூறு ஆண்டுக் கடற்காற்றிலும் பல பெயர்கள் அழியவில்லை. செதுக்கிய கைகளின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டிலும் இதே கதைதான். அங்கே 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1632 முதல் பத்தாண்டுகள் அங்கே போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரொகேரியுஸ். நம் சமூகத்தையும் சமயத்தையும் பற்றி அவர் எழுதிய நூல் அவர் இறந்த பிறகு 1651-இல் லெய்டனில் அச்சானது. ஐரோப்பாவில் இந்து சமயம் பற்றி விரிவாகப் பேசிய முதல் நூல்களில் ஒன்று. அவருக்குத் தகவல் சொன்னவர் பத்மநாபன் என்ற பிராமணர். அந்தப் பெயர் நூலில் இருக்கிறது. நம்மைப் பற்றியும் நூல் பேசுகிறது, ஒரு பிராமணர் வாயிலிருந்து வந்தபடி, ஒரு கூட்டமாக. நம்மவர் ஒருவரின் பெயருக்கு அங்கே தேவை ஏற்படவில்லை.

அதே கரையிலிருந்து டச்சுக் கம்பெனி ஆட்களையும் ஏற்றுமதி செய்தது. 1620-களிலிருந்து ஒவ்வொரு பஞ்சத்தின்போதும், போரின்போதும், பசியில் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்களை வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி படையெடுப்பிலும் பஞ்சத்திலும் சீரழிந்தபோது நாகப்பட்டினம் வழியாக ஆயிரக்கணக்கானோர் இலங்கைக்கும், இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கும் போனார்கள். இந்தியாவிலிருந்து போன வேறு பலர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி வரை போனார்கள். கேப்பில் அடிமைகளுக்கு எசமானர்கள் புதுப் பெயர் வைத்தார்கள். சிலருக்கு ஐரோப்பியப் பழங்கதைப் பெயர், சிலருக்கு மாதத்தின் பெயர். அதற்குப் பின்னால் வந்த இடத்தின் பெயர்: ஃபன் கோரமண்டல், ஃபன் மலபார், ஃபன் பெங்காலன். கவனியுங்கள், அதே 'ஃபன்'. நாங்கள் சிரமப்பட்டுக் கற்ற அந்தச் சொல்லுக்கு 'இன்ன இடத்தைச் சேர்ந்த' என்று பொருள். டச்சுக் குடியானவனுக்கு அது அவன் மண்ணைச் சொன்னது. அடிமைக்கு, எந்தக் கரையிலிருந்து வந்த சரக்கு என்று சொன்னது.

மாதப் பெயர்கள் அங்கே இன்றும் குடும்பப் பெயர்களாக வாழ்கின்றன. நிறவெறிக்கு எதிராக ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் பிரதிநிதியாகப் பாரிசில் பணியாற்றி, 1988 மார்ச் 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட டல்சி செப்டம்பர் அப்படியொரு பெயரைத் தாங்கியவர்தான். தென் அமெரிக்காவின் சுரினாமில் 1863 ஜூலை 1 அன்று அடிமை முறை ஒழிந்தபோது, விடுதலையானவர்களுக்குக் குடும்பப் பெயர் கொடுத்தார்கள். எசமானன் பெயரை அப்படியே தர மனமில்லாமல் எழுத்தை மாற்றிப் போட்ட பெயர்களும் அவற்றில் உண்டு. 'டெ ஃப்ரீஸ்' என்பது 'ஃப்ரீஸ்டெ' ஆனது இப்படித்தான்.

டச்சு அரசின் சார்பில் 2022 டிசம்பர் 19 அன்று பிரதமரும், 2023 ஜூலை 1 அன்று மன்னரும் அடிமை முறைக்காக மன்னிப்புக் கேட்டார்கள். அந்த மன்னிப்பு போதுமா என்று அங்குள்ள கறுப்பினத் தோழர்களே வாதிடுகிறார்கள். ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அடிமைகளின் வழிவந்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ள விரும்பினால் செலவை ஏற்பதாக உட்ரெக்ட் நகராட்சி முன்வந்தது. பெயர் ஒரு காயமாக இருக்க முடியும் என்பதை ஓர் அரசு அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

நம் பகுதியில் பெயருக்கான போராட்டம் அதற்கு வெகுமுன்பே நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் சாதி வாலில்லாத பெயர்களோடு நாம் நடமாடுவதற்கு அந்த மாநாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வாலை வெட்டியது, பெருமைக்கு ஒரு வால் வைத்திருந்தவர்கள். நம்மவர் பெயரில் வாலே இல்லை. தலைதான் வெட்டப்பட்டிருந்தது. எனவே நம் முன்னோடிகள் வேறு வழிகளில் போனார்கள்.

இரட்டைமலை சீனிவாசன் மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். எந்தச் சொல்லை வசவாகப் பயன்படுத்தினார்களோ அதையே தலைப்பாக்கி 1893-இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். அந்தச் சொல் அதற்குள் ஐரோப்பிய மொழிகளில் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் ஏறிவிட்டிருந்தது. டச்சு அகராதியிலும் இன்று 'பாரியா' இருக்கிறது. பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா வேறு பாதையை எடுத்தார். இழிவாக வழங்கிய பெயர்களை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கி 'ஆதிதிராவிடர்' என்று வழங்கக் கோரினார். 1922-இல் சென்னை அரசு அதை ஏற்றது. ஒருவர் பழைய பெயரை நிமிர்த்தினார், ஒருவர் புதிய பெயரைக் கொண்டுவந்தார். இருவரும் சொன்னது ஒன்றைத்தான்: எங்களை என்னவென்று அழைப்பது என்பதை நாங்கள் முடிவு செய்வோம்.

மூன்றாவது பெயர் தாம்பரத்திலேயே இருக்கிறது. காத்தவராயன் என்ற இயற்பெயரோடு 1845-இல் பிறந்த ஒருவர், தனக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரை நன்றியோடு தன் பெயராக்கிக்கொண்டார். அவர்தான் அயோத்திதாசப் பண்டிதர். சித்த மருத்துவர், பௌத்த மீட்பர், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தினமும் எவ்வளவோ பேர் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் கேட்டுப் பாருங்கள். 'சித்தா ஆஸ்பத்திரி' என்பார்கள், 'சானடோரியம்' என்பார்கள். சானடோரியம் எவ்வளவு நீளமான அந்நியச் சொல்! பூ விற்கும் பாட்டி முதல் கண்டக்டர் வரை ஒருவருக்கும் நாக்கு இடறுவதில்லை. அயோத்திதாசர்தான் யார் வாயிலும் வருவதில்லை.

ஆகவே தம்பியின் கேள்விக்கு என் பதில் இது. பெயரைச் சரியாகச் சொல்வது மொழித் திறமை சார்ந்த விஷயம் மட்டுமில்லை. யாருக்காக நாக்கைப் பழக்குகிறோம், யாருக்காகப் பழக்க மறுக்கிறோம் என்பதுதான் அது. அதற்காக டச்சுத் தோழர்களின் பெயரை அலட்சியமாகச் சொல்ல வேண்டும் என்று அர்த்தமில்லை. அந்த மரியாதையை நாம் குறைக்கத் தேவையில்லை. அதே மரியாதை முனுசாமித் தாத்தாவுக்கும் வேண்டும் என்கிறேன்.

இதில் நாம் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. நீங்கள் படிக்கும் கல்லூரியில், வேலை பார்க்கும் இடத்தில் துப்புரவு செய்கிறவரின், காவல் நிற்கிறவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'அம்மா', 'அண்ணே' என்ற உறவோடு சேர்த்து அதைச் சொல்லுங்கள். ஒருவர் தன் பெயரைச் சொன்னபிறகு 'முழுப் பெயர் என்ன, எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு' என்று நீளும் கேள்விகள் பெயரைத் தேடுபவை அல்ல, சாதியைத் தேடுபவை. நம் முன்னால் யாராவது அப்படிக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

எழுத்திலும் வேலை இருக்கிறது. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு உதவும்போது ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்: ஆதாரில் ஓர் எழுத்துக்கூட்டல், சாதிச் சான்றிதழில் வேறு, வங்கிக் கணக்கில் இன்னொன்று. எங்கோ ஒரு மேசையில் யாரோ காதில் விழுந்தபடி தட்டிவிட்ட எழுத்து, ஒரு பிள்ளையின் ஓராண்டுப் பணத்தை நிறுத்திவைக்கிறது. 'கேட்டு எழுதுங்க, எழுதினதைக் காட்டுங்க' என்று அந்த மேசை முன்னால் நின்று சொல்ல நம் பெற்றோருக்குக் கூச்சமாக இருக்கலாம். நீங்கள் கூடப் போங்கள். முதலெழுத்து, கடைசி எழுத்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு வாருங்கள்.

மலக்குழியில் இறந்தவர்களுக்காக நாம் கூடும்போது எண்ணிக்கையோடு நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு பெயரையும் முழுமையாக, நிறுத்தி, சத்தமாக வாசிப்போம். வாசிப்பதற்கு முன் வீட்டாரிடம் கேட்போம்: அவரை நீங்கள் எப்படி அழைப்பீர்கள்?

தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறும்போது நான் இப்போதெல்லாம் 'அயோத்திதாசர் ஆஸ்பத்திரி ஒண்ணு' என்றுதான் சொல்கிறேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து 'எதுக்கா?' என்கிறார். விளக்க இரண்டு நிமிடம் ஆகிறது. மற்ற பயணிகளும் கேட்கிறார்கள். நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

ஜெய் பீம்!